கடைசி பெஞ்சில் ஒரு வாரம்

பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் ஒரு 'ட்ரெயினிங் டீச்சர்' கதை வைத்திருப்பார்கள். புதுப் புடவையில் ஏழெட்டு சேப்டி பின் குத்திக்கொண்டு, கையில் சுருட்டிய சார்ட்டோடு ஒருவர் வருவார். சில வாரங்கள் பாடம் எடுப்பார். முதல் நாள் அவருக்குக் குரலே வெளியே வராது. கடைசி நாள் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு மூன்று பிள்ளைகள் அழும். அடுத்த வாரம் எல்லோரும் மறந்துவிடுவார்கள். இந்தக் கதையை எப்போதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் சொல்கிறார்கள். சாக்பீஸைப் பிடித்திருந்த அந்தக் கை ஏன் அப்படி நடுங்கியது என்று யாரும் யோசிப்பதில்லை.

'கூச்ச சுபாவம்', 'தைரியம் பத்தாது', 'போகப் போகச் சரியாகிவிடும்'... இப்படி ஏதாவது ஒன்றைச் சொல்லி அந்த நடுக்கத்தைத் தள்ளிவிடுவதுதான் வழக்கம். ஆனால் அதில் பெரும்பகுதி அவருடைய சுபாவத்தால் வந்தது அல்ல. பயிற்சி ஆசிரியரைப் பள்ளிக்குள் விடுகிற விதத்தால் வந்தது. விதத்தை மாற்றினால் நடுக்கமும் குறையும். அதற்குப் பெரிய செலவும் இல்லை. முதல் வாரம் அவரைக் கடைசி பெஞ்சில் உட்கார விட வேண்டும், அவ்வளவுதான்.

"இதுக்கு ஒரு கட்டுரையா?" என்று தோன்றலாம். அந்த முதல் நாள் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட்டு முடிவுக்கு வரலாம்.

பி.எட். படிக்கிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். எம்.காம். முடித்துவிட்டு வந்தவர். தமிழ்நாட்டில் வணிகவியல் ஆசிரியர் ஆவதற்காக பி.எட். சேர வேண்டுமானால் பி.காம். மட்டும் போதாது, முதுகலையும் வேண்டும். காரணம், நம் பள்ளிகளில் வணிகவியலும் கணக்குப் பதிவியலும் பதினொன்றாம் வகுப்பில்தான் ஆரம்பமாகின்றன. ஆகவே இவருக்கு வயது 23 அல்லது 24. எதிரே உட்காரப் போகிற பிள்ளைகளுக்கு 16, 17. பின்வரிசைப் பையன்கள் பலர் இவரைவிட உயரம்.

காலை எட்டரைக்கே பள்ளி வாசலுக்கு வந்துவிடுகிறார். கையில் கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்ட கடிதம். வாட்ச்மேன் "யாரைம்மா பாக்கணும்?" என்கிறார். "பி.எட். ட்ரெயினிங் வந்திருக்கேன்ணா..." "அப்படி ஓரமா நில்லும்மா, ப்ரேயர் முடிஞ்சுதான் ஹெச்.எம். பாப்பாங்க." அந்த ஓரத்தில் அரை மணி நேரம் நிற்கும்போது மைதானத்தில் வரிசையாக நிற்கிற அத்தனை பிள்ளைகளும் அவரைத்தான் பார்க்கிறார்கள். யாருடைய அக்காவோ, புதிதாகச் சேர வந்த மாணவியோ, டீச்சரோ... எதுவும் தெரியாமல் பார்க்கிறார்கள். அவருக்கும் அந்த நிமிடத்தில் தான் யார் என்று தெரியாது என்பதுதான் உண்மை.

பிறகு தலைமை ஆசிரியர் அறை. கடிதத்தை வாங்கிப் பார்க்கிறார், கையெழுத்துப் போடுகிறார். "எந்த சப்ஜெக்ட்மா?" "காமர்ஸ், மேடம்." "நல்லதாப் போச்சு. லெவன்த்துக்கு அக்கவுண்டன்சி எடுக்கிற சார் இன்னைக்கு லீவு. முதல் பீரியட் போய்ப் பாத்துக்கோங்க."

முடிந்தது. இவ்வளவுதான் வரவேற்பு. பள்ளிக்குள் நுழைந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஆசிரியர் ஆகிவிட்டார்.

வகுப்புக்குப் போகும் முன் பையை எங்கே வைப்பது என்று தேடி ஆசிரியர் ஓய்வறைக்குப் போகிறார். அங்கே ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. எழுதி ஒட்டியிருக்காது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் உட்கார்ந்தால் "அது மேக்ஸ் டீச்சர் சீட்டும்மா" என்று ஒரு குரல் வரும். குரலில் கோபமெல்லாம் இருக்காது. ஆனாலும் அதற்கப்புறம் மதியம் வரை அவர் எங்கேயும் உட்கார மாட்டார். தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே, அதன் சாவி யாரிடம் என்று கேட்கவும் கூச்சம். சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு மனிதர் ஓர் இடத்தில் நிம்மதியாக நிற்பதற்கு இந்தச் சின்ன விஷயங்கள்தான் வேண்டியிருக்கின்றன.

சரி, இப்போது வகுப்பு. நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். பாடம் எது வரைக்கும் நடந்திருக்கிறது என்று தெரியாது. கேட்டால் நாலு பதில் வரும். "மிஸ், இது ஏற்கெனவே நடத்திட்டாங்க!" உண்மையா, சும்மா விடுகிறார்களா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. யார் பெயரும் தெரியாது. பெயர் தெரியாத வகுப்பில் "ஏய்... நீ... இல்ல, அந்தப் பக்கம் இருக்கிற தம்பி" என்றுதான் பேச முடியும். இப்படிப் பேச ஆரம்பித்த உடனேயே பின்பெஞ்சில் சிரிப்பு தொடங்கிவிடும்.

காமர்ஸ்காரர்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பி.காம்., எம்.காம். இரண்டையும் ஆங்கில வழியில் படித்துவிட்டு வந்தவருக்கு 'டெபிட்', 'கிரெடிட்', 'ஜர்னல்', 'லெட்ஜர்' எல்லாம் தூக்கத்தில்கூட வரும். தமிழ் வழி வகுப்பில் அதே சொற்கள் பற்று, வரவு, குறிப்பேடு, பேரேடு. 'ட்ரயல் பேலன்ஸ்' என்பது இருப்பாய்வு. கணக்கு தெரியும், சொல் வராது. "மிஸ்ஸுக்கே தெரியல" என்று பிள்ளைகள் முடிவு கட்ட ஒரு நொடித் தயக்கம் போதும். இத்தனைக்கும் இது அறிவுக் குறைவே அல்ல. ஒரு வாரம் அந்த வகுப்பில் உட்கார்ந்து, வழக்கமான ஆசிரியர் அந்தச் சொற்களை எப்படிப் புழங்குகிறார் என்று காதால் கேட்டிருந்தாலே தீர்ந்திருக்கும்.

"கல்லூரியில் இதற்கெல்லாம் பயிற்சி கொடுப்பதில்லையா?" என்று கேட்கலாம். கொடுக்கிறார்கள். நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று இருக்கிறது. 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை. சில நிமிடங்களுக்கு ஒரு குட்டிப் பாடம், அதில் ஒரே ஒரு திறனை மட்டும் பழகுவது. பாடம் தொடங்குதல், விளக்குதல், கிளர்வினா கேட்டல், வலுவூட்டல் என்று ஒவ்வொன்றாகப் பழக வேண்டும். நல்ல முறைதான். ஆனால் நம் கல்லூரிகளில் அங்கே மாணவர்களாக உட்கார்ந்திருப்பது யார்? கூடப் படிக்கிற தோழிகள். கேட்ட கேள்விக்கு உடனே கை தூக்குவார்கள். தெரிந்த பதிலைத் தெரியாதது போல யோசித்துச் சொல்வார்கள். யாரும் ஜன்னல் வழியே வெளியே பார்க்க மாட்டார்கள். நாளை அவர்கள் பாடம் எடுக்கும்போது இவர் ஒழுங்காக உட்கார வேண்டுமே! அந்த ஒப்பந்தம் பள்ளியில் கிடையாது.

இங்கே ஒரு கேள்வி வரும். பயிற்சிக்குப் போகிறவர் பள்ளிக்கூடத்தையே பார்க்காதவரா என்ன? பன்னிரண்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்தவர்தானே? அப்புறம் எதற்கு மறுபடி ஒரு வாரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது?

இந்தக் கேள்விக்கு டான் லார்ட்டி என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1975ல் வெளிவந்த தன் புத்தகத்தில் நல்ல பதில் சொல்லியிருக்கிறார். பள்ளிப் படிப்பை முடிக்கிற ஒரு மாணவர் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்திருப்பார் என்பது அவர் போட்ட கணக்கு. வேறு எந்தத் தொழிலுக்கும் இவ்வளவு நீண்ட வேடிக்கை பார்க்கும் காலம் கிடையாது. ஆனால் அதில் ஒரு சிக்கல். மாணவர் பார்ப்பது மேடையை மட்டும்தான். பாடத்தை எப்படித் திட்டமிட்டார், அந்தக் கேள்வியை ஏன் அந்தப் பிள்ளையிடம் கேட்டார், சத்தம் எழுந்தபோது ஏன் கத்தாமல் சும்மா நின்றார் என்பதெல்லாம் மாணவர் கண்ணில் படாது. நாடகம் பார்த்தே வளர்ந்தவரை ஒரு நாள் திடீரென்று மேடையில் ஏற்றி 'நடி' என்று சொன்னால் என்ன செய்வார்? பார்த்த நடிகரை அப்படியே காப்பி அடிப்பார்.

பயிற்சி ஆசிரியர்களும் இதைத்தான் செய்கிறார்கள். பயந்துபோன மனிதருக்குப் புதிதாக எதையும் முயல தைரியம் வராது. தனக்குப் பாடம் எடுத்த யாரோ ஒருவரின் குரலும் முறைப்பும்தான் உடனே கை கொடுக்கும். வகுப்பு கத்தினால் தானும் கத்துவது, மேஜையைத் தட்டுவது, "நோட்டை எடுங்க, எழுதிக்கோங்க" என்று கைடைப் பார்த்து டிக்டேட் செய்வது. டிக்டேஷனில் ஒரு வசதி உண்டு. எல்லாத் தலையும் குனிந்திருக்கும், யாரும் டீச்சரைப் பார்க்க மாட்டார்கள். பயந்தவருக்கு அதைவிட நிம்மதி எது?

விஷயம் விபரீதமாவது இங்கேதான். முதல் நாள் பயம் ஒரு வாரத்தில் போய்விடும். ஆனால் அந்தப் பயத்தை மறைக்க அவர் பிடித்துக்கொண்ட பழக்கம் போகாது. "குச்சி இல்லாம போகாதம்மா, ஏறி மிதிச்சிருவானுங்க" என்று அனுபவசாலி ஒருவர் அக்கறையோடு கையில் குச்சியைக் கொடுப்பார். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளை உடலாலும் மனதாலும் துன்புறுத்தக் கூடாது என்கிறது. இதை பி.எட். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்தான் இவரும். ஆனால் நடுங்குகிற கைக்குச் சட்டப்பிரிவைவிடக் குச்சி பிடிமானமாக இருக்கிறது. இன்று 23 வயதில் அதைப் பிடித்தவர் இன்னும் முப்பது வருடம் வகுப்பில் இருக்கப் போகிறார். ஒரு வகுப்புக்கு நாற்பது பேர் என்று வைத்துக்கொண்டாலும் எத்தனை பிள்ளைகள் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆராய்ச்சியாளர் பிரான்சஸ் ஃபுல்லர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். ஆசிரியர்களின் கவலைகள் எப்படி மாறுகின்றன என்று 1969ல் எழுதினார். சுருக்கம் இதுதான். ஆரம்பத்தில் ஆசிரியரின் கவலை முழுக்கத் தன்னைப் பற்றியது. 'என்னை மதிப்பார்களா, சமாளிப்பேனா, சூப்பர்வைசர் என்ன நினைப்பார்?' பிறகு வேலையைப் பற்றியது. 'பாடத்தை எப்படி நடத்துவது, நேரம் போதுமா?' கடைசியில்தான் பிள்ளையைப் பற்றியது. 'இவனுக்குப் புரிந்ததா? அவள் ஏன் இன்று பேசவே இல்லை?'

அதாவது முதல் நாள் நடுங்குகிறவர் சுயநலக்காரர் அல்ல. எல்லோரும் தொடங்குகிற இடத்தில்தான் அவரும் நிற்கிறார். கேள்வி என்னவென்றால், அவர் பார்வையை 'என்னை எல்லாரும் பார்க்கிறாங்களே' என்பதிலிருந்து 'இவங்க எப்படிப் படிக்கிறாங்க' என்பதற்கு எப்படி நகர்த்துவது? அறிவுரையால் நகராது. 'பயப்படாதே' என்று சொல்லி யாருக்காவது பயம் போயிருக்கிறதா? இடத்தை மாற்றினால் நகரும். கரும்பலகை முன்னால் நிற்கும்வரை எல்லாக் கண்ணும் இவர்மேல். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் இவர் கண் எல்லார்மேலும்.

அந்த பெஞ்சிலிருந்து தெரிவதெல்லாம் வேறு. போர்டில் எழுதுவது பின்னால் இருப்பவர்களுக்குச் சரியாகத் தெரிகிறதா என்று தெரியும். முன்வரிசை ஆறு பேர் மட்டுமே பதில் சொல்கிறார்கள், மற்றவர்கள் உதட்டை மட்டும் அசைக்கிறார்கள் என்று தெரியும். ஒரு பையன் கணக்கைப் போடாமல், போர்டில் விடை வரும்வரை காத்திருந்து எழுதிக்கொள்கிறான் என்று தெரியும். 'ரௌடி' என்று ஓய்வறையில் பெயர் வாங்கியவன் பக்கத்துப் பையனுக்குப் பேரேட்டுக் கணக்கைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பதும் தெரியும். மாணவராகப் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தபோது இதெல்லாம் தெரிந்திருக்காது. அப்போது பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு வாரம் இப்படிப் பார்த்துவிட்டு எழுந்து போர்டு முன்னால் போகிறவரும், நேராக வாட்ச்மேனிடமிருந்து போர்டு முன்னால் போகிறவரும் ஒருவரே அல்ல.

வேடிக்கை என்னவென்றால், இது ஏற்கெனவே விதியில் இருக்கிறது! தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014ல் கொண்டுவந்த விதிமுறைகள்தான் பி.எட். படிப்பை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாக மாற்றின. பள்ளியில் குறைந்தது 20 வாரப் பயிற்சி, அதில் முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம் என்று அவை சொல்கின்றன. அதோடு, தொடக்கத்தில் ஒரு வாரம் வழக்கமான ஆசிரியரின் வகுப்பை உற்றுநோக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஆக, யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

நடப்பது என்ன? பல இடங்களில் 'உற்றுநோக்கல் பதிவேடு' என்று ஒரு நோட்டு மட்டும் இருக்கிறது. சீனியர் நோட்டைப் பார்த்து அதை ராத்திரியோடு ராத்திரியாக நிரப்பிவிடலாம். பார்க்காத வகுப்புக்கு 'ஆசிரியர் தெளிவாக விளக்கினார், மாணவர்கள் ஆர்வமுடன் பங்கேற்றனர்' என்று அழகாக எழுதி, அட்டை போட்டு, சீல் வாங்கிச் சமர்ப்பித்துவிடலாம். ஏடு நிரம்புகிறது, கண் நிரம்புவதில்லை.

மற்ற தொழில்களைக் கொஞ்சம் பாருங்கள். எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறார். முதல் நாள் வந்தவுடன் "பெரிய டாக்டர் லீவு, ஆபரேஷனை நீங்க பாத்துக்கோங்க" என்று யாரும் சொல்வதில்லை. ஆடிட்டர் ஆக வேண்டுமானால் ஆர்ட்டிகிள்ஷிப் உண்டு. முன்பு மூன்று வருடம், 2023 ஜூலை முதல் சேர்கிறவர்களுக்கு இரண்டு வருடம். அதில் சேர்ந்த பையனை முதல் நாளே ஒரு கம்பெனியின் கணக்கில் கையெழுத்துப் போடச் சொல்வதில்லை. வவுச்சர் டிக் அடிப்பதில்தான் தொடங்குவான். அவனுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை இவ்வளவு என்று விதியும் இருக்கிறது. நம் பயிற்சி ஆசிரியருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பஸ் செலவும், சார்ட் வாங்குகிற செலவும், கடைசி நாள் சாக்லேட்டும் சொந்தக் காசு.

படித்தவர்கள் தொழிலை விடுங்கள். டெய்லர் கடையில் சேர்கிற பையன் முதலில் காஜா எடுப்பான், பட்டன் தைப்பான். எடுத்த எடுப்பில் துணியை வெட்டக் கத்தரிக்கோலைக் கொடுக்க மாட்டார்கள். லாரியில் கிளீனராகப் போகிறவன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை ஊர் போய் வந்த பிறகு ஸ்டியரிங்கைத் தொடுகிறான்! துணி கெட்டுவிடும், லாரி கவிழ்ந்துவிடும் என்ற பயம் முதலாளிக்கு இருக்கிறது. ஒரு வகுப்பு கெட்டால் உடனே கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அதில் இவ்வளவு தாராளம்.

"தண்ணியில தள்ளிவிட்டா நீச்சல் தானா வரும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இடுப்பில் கயிறு கட்டியோ, முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டியோதான் இறக்குவார்கள். கயிற்றின் மறுமுனை மாமா கையிலோ சித்தப்பா கையிலோ இருக்கும். தள்ளிவிட்டுவிட்டு டீக்கடைக்குப் போக மாட்டார்கள்.

பள்ளிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். தலைமை ஆசிரியர் கல்நெஞ்சக்காரர் அல்ல. காலியிடம் நிரப்பாமல் கிடக்கும், ஒருவர் மருத்துவ விடுப்பில் இருப்பார், இன்னொருவர் தேர்தல் வேலைக்கோ வேறு பயிற்சிக்கோ போயிருப்பார். வகுப்பில் ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வகுப்பும் நடக்காது. அந்த நேரம் பார்த்து ஒரு பயிற்சி ஆசிரியர் கடிதத்தோடு வந்து நின்றால் யாராக இருந்தாலும் அனுப்பத்தான் தோன்றும். வகுப்பு ஆசிரியருக்கும் கவலை உண்டு. பொதுத் தேர்வில் மார்க் குறைந்தால் கேள்வி அவரைத்தான் கேட்பார்கள், போய்விட்ட ட்ரெயினிங் டீச்சரை அல்ல. பயிற்சி ஆசிரியர் அரைகுறையாக நடத்திய பாடத்தை அவர் திரும்ப நடத்த வேண்டியிருக்கும்.

ஆனால் இந்த இரண்டு நியாயமும் கடைசி பெஞ்சுக்குத்தான் ஆதரவாக இருக்கின்றன. பாடம் எங்கே நிற்கிறது, பிள்ளைகள் எப்படி என்று தெரிந்துகொண்டு எடுத்தால் திரும்ப நடத்தும் வேலை குறையும். ஆள் பற்றாக்குறைக்கு மருந்து ஆசிரியர் நியமனம். சம்பளம் இல்லாத பயிற்சி மாணவியை வைத்து ஓட்டை அடைத்தால் ஓட்டை இருப்பதே மேலே இருப்பவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

பின்லாந்தைப் பற்றி இப்போதெல்லாம் எல்லோரும் பேசுகிறார்கள். அங்கே ஆசிரியர் கல்வி தரும் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது போலவே பயிற்சி மாணவரை வழிநடத்துவதும் வேலை. "நமக்கு எங்கே அதெல்லாம்" என்று பெருமூச்சு விட வேண்டாம். சென்னை சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் வரலாறு 1856ல் தொடங்குகிறது. அங்கும் மாதிரிப் பள்ளி உண்டு. ஆசிரியராகப் போகிறவர் பார்த்துப் பழக ஒரு பள்ளி வேண்டும் என்ற எண்ணம் நமக்கு இறக்குமதிச் சரக்கு அல்ல. ஊரெங்கும் பி.எட். கல்லூரிகள் முளைத்த பிறகு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளியைத் தேடிக் கடிதம் கொடுப்பதோடு அந்த எண்ணம் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம்? மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் செய்தால் போதும்.

பள்ளி செய்ய வேண்டியது: முதல் நாள் தலைமை ஆசிரியர் கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். காலை வணக்கக் கூட்டத்தில் "இவர் நம் பள்ளிக்கு வந்திருக்கும் ஆசிரியை" என்று பெயர் சொல்லி அறிமுகம் செய்தால் ஓரமாக நிற்கிற அந்த அரை மணி நேரம் இல்லாமல் போகும். ஓய்வறையில் ஒரு நாற்காலி. வழிகாட்டி ஆசிரியர் யார் என்று முதல் நாளே ஒரு பெயர். ஐந்து நாள் கடைசி பெஞ்ச். அந்த ஐந்து நாளில் யார் லீவு போட்டாலும் இவரைத் தனியாக வகுப்புக்கு அனுப்புவதில்லை என்ற ஒரு உறுதி.

கல்லூரி செய்ய வேண்டியது: கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு நிற்காமல், முதல் நாள் ஒரு பேராசிரியர் கூட வர வேண்டும். மதிப்பெண் போட வருகிற நாளைவிட அந்த நாள்தான் முக்கியம். உற்றுநோக்கல் பதிவேட்டில் 'தெளிவாக விளக்கினார்' என்று எழுதினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்தப் பிள்ளை, என்ன கேட்டது, ஆசிரியர் என்ன பதில் சொன்னார் என்று எழுதினால்தான் கையெழுத்து.

பயிற்சி ஆசிரியர் செய்ய வேண்டியது: பெஞ்சில் உட்காருவதை அவமானமாக நினைக்கக் கூடாது. வருகைப் பதிவேட்டை வாங்கி முதல் இரண்டு நாளில் பெயர்களை மனப்பாடம் செய்யலாம். பெயர் தெரிந்த டீச்சரைப் பிள்ளைகள் அவ்வளவு சுலபமாக ஓட்ட மாட்டார்கள். தமிழ் வழி வகுப்பாக இருந்தால் பாடநூலை வைத்துக்கொண்டு சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். வழிகாட்டி ஆசிரியரிடம் "எப்படி நடத்தணும் சார்?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "அந்தக் கேள்வியை ஏன் சார் பின்னாடி இருந்த பொண்ணுகிட்ட கேட்டீங்க?" என்று கேட்டால் பதிலில் பாதித் தொழில் இருக்கும்.

இப்போது 2020 தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். பற்றிப் பேசுகிறது. ஓராண்டா, ஈராண்டா, நான்காண்டா என்று விவாதம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடட்டும். எத்தனை ஆண்டு ஆனாலும் அதில் ஒரு முதல் நாள் இருக்கும். அந்த நாளில் ஒரு புது மனிதர் கடிதத்தோடு பள்ளி வாசலில் நிற்பார். அவரை 'லீவ் டீச்சருக்குப் பதில் ஆள்' என்று பார்ப்பதா, 'இன்னும் முப்பது வருடம் இந்த வேலையைச் செய்யப் போகிறவர்' என்று பார்ப்பதா என்பதுதான் கேள்வி.

நடுக்கம் முழுக்கப் போய்விட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது கொஞ்சமாவது நடுங்காதவர் அந்த வேலையின் கனம் தெரியாதவர். ஆனால் 'என் மானம் போய்விடுமோ' என்று நடுங்குவது வேறு, 'இந்தப் பிள்ளைக்குப் புரியாமல் போய்விடுமோ' என்று நடுங்குவது வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போக ஐந்து நாளும் ஒரு பெஞ்சும் போதும் என்றால், அதைக் கொடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?